ராம்சி வழக்கின் மிரட்டல் கடிதம்: எதை அளக்கலாம், எதை அளக்க முடியாது?

மைத்துளி (கேள்வி)

ஜான்பெனே ராம்சி வழக்கின் கடிதத்தைப் பற்றி மட்டும் இந்த இழை. யார் செய்தது என்ற சண்டைக்கு வேறு இழைகள் இருக்கின்றன.

சுருக்கம்: 1996 டிசம்பர் 26, வியாழக்கிழமை. கொலராடோ மாநிலம், போல்டர் நகரம். காலை 5.52க்கு தாய் அவசர எண்ணை அழைக்கிறார். ஆறு வயதுக் குழந்தையைக் காணோம், பின்பக்க மாடிப்படியில் ஒரு கடிதம் கிடக்கிறது என்கிறார். பிற்பகல் ஒரு மணியைத் தாண்டி அதே வீட்டின் அடித்தள அறையில் குழந்தையின் உடல் கிடைக்கிறது. கடத்திவிட்டதாகக் கடிதம் சொன்ன குழந்தை வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை.

கடிதம் மூன்று தாள், இரண்டரைப் பக்கம், சுமார் 370 சொற்கள். எழுதிய பேடும் ஷார்ப்பி மார்க்கரும் அந்த வீட்டினுடையவை. அதே பேடில் “மிஸ்டர் அண்ட் மிஸஸ்” என்று தொடங்கி நின்றுபோன இன்னொரு பக்கமும் இருந்தது. கேட்ட தொகை 1,18,000 டாலர். முடிவில் “விக்டரி!” என்ற சொல், அதன் கீழே எஸ்.பி.டி.சி என்ற நான்கு எழுத்துகள்.

கேட்க நினைப்பவை: இணையத்தில் கிடைக்கும் படத்தை வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுவது செல்லுமா? குறிப்பாக அந்த அச்செழுத்து வடிவச் சிறிய ஆங்கில ‘ஏ’ (a), அதைப் பலரும் பெரிய தடயம் என்கிறார்கள். இரண்டாவது, சொல் எண்ணிக்கையை வைத்து எழுதியவரைக் கண்டுபிடிக்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன; அவற்றில் இந்தக் கடிதத்தைப் போடலாமா? மூன்றாவது, 118 என்ற எண்ணும் அந்த நான்கு எழுத்தும். இவற்றுக்கு ஏதாவது ஒரு முறையான வழி உண்டா?

தாள்நோக்கி

முதல் கேள்விக்கு மட்டும் பதில். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் இருப்பது ஜெராக்ஸை எடுத்த ஜெராக்ஸ். எழுத்தின் உருவம் அதில் இருக்கிறது. எழுதிய அசைவு இல்லை. கோடு எந்தப் பக்கமிருந்து தொடங்கியது, பேனா எங்கே தூக்கப்பட்டது, தயங்கி நின்ற இடத்தில் மை எங்கே தேங்கியது, ஒரே எழுத்தின் மேல் இரண்டாவது முறை போனார்களா என்பவற்றையெல்லாம் அசல் தாளை நுண்ணோக்கியில் வைத்தால்தான் பார்க்க முடியும். ஆவண ஆய்வாளர் ஒருவர் முதலில் கேட்பதும் “அசலா, நகலா?” என்பதுதான். நகல் என்றால் அவரது முடிவின் வலுவும் அதற்கேற்பக் குறையும்.

மார்க்கர் இன்னொரு சிக்கல். பால்பாயிண்ட் பேனா தாளில் பள்ளம் விழுத்தும். அடுத்த தாளில் பதிந்த அந்தப் பள்ளத்தை மின்னூட்டமும் டோனர் தூளும் கொண்டு எஸ்டா என்ற கருவி காட்டிவிடும். மார்க்கரின் முனை மெத்தென்றிருப்பதால் பள்ளம் அநேகமாக விழாது. ஆனால் மை தாளை ஊடுருவி அடுத்த தாளில் புள்ளிபுள்ளியாக ஊறும். அந்த ஊறலையும் மேல்விளிம்பில் தாள் கிழிந்த விதத்தையும் சேர்த்துப் பார்த்தால், பேடில் எந்த இடத்திலிருந்து கிழித்தார்கள் என்று சொல்லிவிடலாம். எழுத்து வடிவத்தைவிட இந்தத் தடயம் எனக்குப் பல மடங்கு பெரிது. ஏனென்றால் இதில் “எனக்கு அப்படித் தோன்றுகிறது” என்பதற்கு இடமே கிடையாது.

ஆய்வகத்தில் ஒரு தாளைக் கையாள ஒரு வரிசை இருக்கிறது. முதலில் சாதாரண ஒளி, சாய்வொளி, அகச்சிவப்பு மூன்றிலும் புகைப்படம். பிறகு எஸ்டா. அதன்பின் மைக்கு மெல்லடுக்கு நிறப்பிரிகை: ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத வில்லைகளை எழுத்திலிருந்து குத்தி எடுத்து, கரைப்பானில் கரைத்து, தகட்டில் ஏறும் சாயப் பட்டைகளைத் தெரிந்த மைகளோடு ஒப்பிடுவார்கள். கைரேகைக்கான ரசாயனம் கடைசி: முதலில் டி.எஃப்.ஓ, அப்புறம் நின்ஹைட்ரின். வரிசை மாறினால் சேதம் நிரந்தரம். கரைப்பான் பட்ட தாளில் எஸ்டா சரியாக வேலை செய்யாது. ஆல்கஹாலோ அசிட்டோனோ கலந்த நின்ஹைட்ரின் மார்க்கர் மையைக் கரைத்து ஓடவிடும். அதற்குப் பிறகு எடுத்த எந்தப் படத்திலும் கோட்டின் விளிம்பை நம்ப முடியாது.

மை ஒத்துப்போனாலும் அது சொல்வது “இதே கலவையில் தயாரான பேனா” என்பதுதான். “இந்த ஒரே பேனா” என்று வேதியியல் மட்டும் சொல்லிவிடாது. கைரேகை இல்லை என்பதும் கையுறைக்குச் சான்று ஆகாது. உலர்ந்த கை தாளில் ஒன்றுமே விடாமல் போகலாம்.

இனி ஒப்பிடும் மாதிரிகள். நிபுணர்கள் இரண்டு வகை கேட்பார்கள். ஒன்று, வழக்குக்கு முன்பே இயல்பாக எழுதியவை: கடைச் சீட்டு, காசோலை, வாழ்த்து அட்டை. இன்னொன்று, விசாரணையில் சொல்லச் சொல்ல எழுத வைப்பவை. இரண்டாவதை எடுக்கும்போது கடிதத்தைக் காட்டக் கூடாது, எழுத்துக்கூட்டலைச் சொல்லித் தரக் கூடாது, அதே வகைத் தாளும் அதே வகைப் பேனாவும் தர வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் அதை அகற்றிவிட்டு மறுபடி எழுதச் சொல்ல வேண்டும். இரு கையாலும் எழுத வைக்க வேண்டும். அச்செழுத்தை அச்செழுத்தோடுதான் ஒப்பிடலாம். சேர்த்தெழுதிய வாழ்த்து அட்டையை இந்தக் கடிதத்தின் பக்கத்தில் வைப்பது வீண் வேலை.

‘ஏ’ விஷயத்துக்கு வருவோம். அச்சில் இருப்பது போன்ற அந்த வடிவத்தைக் கையால் எழுதுவோர் உலகில் ஏராளம். அது ஒரு கூட்டத்தின் அடையாளம், ஒருவரின் அடையாளம் ஆகாது. அமெச்சூர் ஒப்பீட்டில் நடக்கும் பெரிய தவறும் இதுதான்: ஒற்றுமைகளை மட்டும் எண்ணுவது. இரண்டரைப் பக்க அச்செழுத்தில் எந்த இருவருக்கும் டஜன் கணக்கில் ஒற்றுமை காட்ட முடியும். விளக்க முடியாத ஒரே ஒரு அடிப்படை வேற்றுமை வந்தால் அந்தப் பட்டியல் மொத்தமும் சரியும்.

முடிவைச் சொல்வதற்கும் ஒன்பது படிகள் கொண்ட ஒரு அளவுகோல் உண்டு. ஒரு முனையில் “இவரே எழுதினார்”, மறுமுனையில் “இவர் எழுதவில்லை”, நடுவில் “முடிவு சொல்ல இயலாது”. இந்த வழக்கையொட்டி நடந்த ஓர் அவதூறு வழக்கில் 2003இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதி ஜூலி கார்ன்ஸ் தந்த தீர்ப்பைப் படியுங்கள். அசலைப் பார்த்த ஆறு நிபுணர்களும் தந்தை எழுதவில்லை என்றார்கள். தாயைப் பொறுத்தவரை, 1 முதல் 5 வரை போகும் வேறோர் அளவுகோலில் (5 என்றால் “எழுதவில்லை” என்று முடிவு) அவர்கள் தந்தது 4 அல்லது 4.5. அசலைக் கையில் வைத்திருந்தவர்களே அங்கேதான் நின்றார்கள். ஜெராக்ஸை வைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போக வழியில்லை.

எண்கணியன்

இரண்டாவது கேள்விக்கு: போடலாம், ஆனால் வரும் விடையை நம்பாதீர்கள். காரணம் எளிய கணக்கு.

இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் ‘த’, ‘அண்ட்’, ‘ஆஃப்’ போன்ற சிறிய ஆங்கிலச் சொற்கள் எத்தனை சதவீதம் வருகின்றன என்று பார்க்கும். ஒரு சொல்லை ஒருவர் நூற்றுக்கு 3 முறையும் இன்னொருவர் நூற்றுக்கு 2 முறையும் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். 370 சொல்லில் முதலாமவரிடம் எதிர்பார்ப்பது 11. ஆனால் தற்செயல் ஏற்றத்தாழ்வு மட்டுமே அதை 5 முதல் 17 வரை தள்ளாட வைக்கும். இரண்டாமவரிடம் எதிர்பார்ப்பது 7. ஆக, 7 வந்தாலும் 11 வந்தாலும் இருவரில் யார் என்று பிரிக்க முடியாது. அதே சோதனையை 5,000 சொல்லில் செய்தால் முதலாமவர் 126க்கும் 174க்கும் இடையில் இருப்பார், இரண்டாமவர் 100ஐ ஒட்டி இருப்பார், பிரிந்துவிடுவார்கள். நீளம்தான் முக்கியம். ஒரு மிரட்டல் கடிதமாக இது மிக நீளம், சொல் புள்ளியியலுக்கோ மிகக் குட்டை.

வகை வேறுபாட்டையும் கவனியுங்கள். கிறிஸ்துமஸ் வாழ்த்து எழுதும் நடையும் மிரட்டும் நடையும் ஒரே ஆளிடமே வேறு. ஒப்பிட வேறு யாருடைய மிரட்டல் கடிதமும் நம்மிடம் இல்லை.

இதில் வல்லவர்களே எப்படி வழுக்கினார்கள் என்பதற்கு இந்த வழக்கிலேயே உதாரணம் இருக்கிறது. வஸ்ஸார் கல்லூரிப் பேராசிரியர் டொனால்ட் ஃபாஸ்டர், 1996இல் பெயரில்லாமல் வந்த ஓர் அரசியல் நாவலின் ஆசிரியரை நடையை வைத்தே கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். 1997இல் அவர் தாய்க்குக் கடிதம் எழுதி, அவர் நிரபராதி என்று தாம் நம்புவதாகச் சொன்னார். பிறகு போலீசுக்காக அதே கடிதத்தை ஆராய்ந்து நேர்மாறான முடிவுக்கு வந்தார். முதல் கடிதம் வெளியே தெரிந்ததும் அவரது இரண்டாவது முடிவு சாட்சியமாகப் பயன்படாமல் போனது. 2002இல், ஷேக்ஸ்பியர் எழுதியது என்று தாம் நிறுவிய ஓர் இரங்கற்பாவைப் பற்றிய முடிவையும் அவரே திரும்பப் பெற்றார். அவர் திறமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரே உரை இரண்டு எதிரெதிர் முடிவுகளுக்கு இடம் தருகிறது என்றால், அந்த உரை அத்தனை பாரம் தாங்காது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

எஸ்.பி.டி.சி: ஒவ்வொரு எழுத்துக்கும் 1,000 சொற்களை அனுமதித்தால் ஒரு லட்சம் கோடி விரிவுகள் கிடைக்கும். அதில் ‘சேவ்ட் பை த கிராஸ்’ ஒன்று. தந்தை கடற்படையில் இருந்த பிலிப்பைன்ஸ் தளத்தை ஒட்டிய ‘சூபிக் பே டிரெய்னிங் சென்டர்’ இன்னொன்று. சோதிக்க ஒரு வழி: கண்ணை மூடிக்கொண்டு வேறு நான்கு எழுத்துகளைப் பொறுக்கி, அதே குடும்பத்துக்குப் பொருந்தும் விரிவை அரை மணி நேரம் தேடுங்கள். கட்டாயம் கிடைக்கும். கிடைக்கிறது என்றால் முதலில் கிடைத்ததற்கும் மதிப்பு இல்லை.

118 கொஞ்சம் வேறு. தந்தை அந்த ஆண்டு பெற்ற ஊக்கத்தொகை 1,18,117.50 டாலர். இவ்வளவு நெருக்கம் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் அது யாரைச் சுட்டுகிறது? வீட்டாருக்கு அந்த எண் தெரியும். வீட்டில் கிடந்த சம்பளச் சீட்டைப் பார்த்த வெளியாளுக்கும் தெரியும். அலுவலகத்தில் கணக்கு பார்த்தவருக்கும் தெரியும். இரு தரப்பும் ஒரே அளவு எதிர்பார்க்கும் தடயம் எந்தத் தரப்புக்கும் மதிப்பெண் தராது. பைபிளின் 118ஆம் சங்கீதம் என்ற ஊகத்தை இதோடு சேர்க்காதீர்கள். எண்ணுக்கு எத்தனை விளக்கம் கூடுகிறதோ அத்தனைக்கு ஒவ்வொன்றின் எடையும் குறையும்.

அகழி

மற்ற வழக்குகளில் மிரட்டல் கடிதம் உண்மையில் எப்படி உதவியது என்று பார்த்தால் இந்தக் கடிதத்தின் ஏழ்மை புரியும்.

1924, சிகாகோ, பாபி ஃபிராங்க்ஸ். தட்டச்சுக் கடிதம், கையொப்பம் ‘ஜார்ஜ் ஜான்சன்’. 10,000 டாலர்: 2,000க்கு இருபது டாலர் நோட்டுகள், 8,000க்கு ஐம்பது டாலர் நோட்டுகள், மொத்தம் 260 நோட்டு. பெரிய சுருட்டுப் பெட்டி, வெள்ளைத் தாள் சுற்று, அரக்கு முத்திரை என்று நுணுக்கமான உத்தரவுகள். சிறுவன் ஏற்கெனவே இறந்திருந்தான். சிக்கவைத்தது கடிதத்தின் நடை அல்ல. கொலையாளிகள் இருவரில் ஒருவரான லெப்போல்டின் படிப்புக் குழு அதே அண்டர்வுட் இயந்திரத்தில் அடித்த சட்டக் குறிப்புகளை இரண்டு நிருபர்கள் தேடிப் பிடித்தார்கள். தேய்ந்த எழுத்துகள் பொருந்தின.

1932, நியூ ஜெர்சி, லிண்ட்பெர்க் குழந்தை. 50,000 டாலர்: இருபது, பத்து, ஐந்து டாலர் நோட்டுகளாகக் கேட்டதைக் கூட்டினால் 4,750 நோட்டு. அந்தக் கடிதத்தில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு: ஒன்றையொன்று வெட்டும் வட்டங்களும் மூன்று துளைகளும் கொண்ட ஒரு குறி. அடுத்தடுத்து வந்த கடிதங்கள் அதே ஆளிடமிருந்து வந்தவையா என்று அந்தக் குறியை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். எஸ்.பி.டி.சி அந்த வேலையைச் செய்திருக்க முடியும், ஆனால் இரண்டாவது கடிதமோ தொலைபேசி அழைப்போ வரவே இல்லை. அந்த வழக்கின் குற்றவாளி ஹாப்ட்மன் 1934 செப்டம்பரில் சிக்கியது, மீட்புத் தொகையாகக் கொடுத்த நோட்டின் வரிசை எண்ணால். தங்கத்துக்கு மாற்றத்தக்க தங்கச் சான்று நோட்டுகள் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்ட பிறகு பத்து டாலர் தங்கச் சான்று ஒன்றைப் பெட்ரோல் பங்கில் கொடுத்தார். ஊழியர் கார் எண்ணை அதன் ஓரத்தில் குறித்துவைத்தார். கையெழுத்து நிபுணர்களின் சாட்சியம் அதற்குப் பிறகு வந்தது.

கையெழுத்தே நேரடியாக ஆளைப் பிடித்த வழக்கு 1956, லாங் ஐலண்ட், வெயின்பெர்கர் குழந்தை. ஒரு மாதக் கைக்குழந்தை, கேட்டது வெறும் 2,000 டாலர். எஃப்.பி.ஐ. சுமார் 20 லட்சம் கையெழுத்து மாதிரிகளைப் புரட்டியது. ஆகஸ்ட் 22 அன்று புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நன்னடத்தைக் கோப்பு ஒன்றில் பொருந்தியது. தேடியவர்கள் கையில் அசல் கடிதம் இருந்தது, அபூர்வமான எழுத்துப் பழக்கம் இருந்தது, யார் மேலும் முன்கூட்டிய சந்தேகம் இல்லாமல் பெட்டி பெட்டியாகப் பார்த்தார்கள். ராம்சி வழக்கில் நம்மைப் போன்றவர்கள் செய்வது நேர் எதிர்: இரண்டு மூன்று பேரை முதலில் வைத்துக்கொண்டு எழுத்தைப் பின்னால் பொருத்துகிறோம்.

வழக்குவாசகி

கடிதத்தின் உள்ளே சோதிக்கக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றை ஏன் யாரும் தொடவில்லை?

பணம்: 1,00,000 டாலர் நூறு டாலர் நோட்டாக, 18,000 டாலர் இருபது டாலர் நோட்டாக. 1,000 + 900 = 1,900 நோட்டு. ஒரு நோட்டு ஒரு கிராம், ஆக 1.9 கிலோ, அடுக்கினால் 21 சென்டிமீட்டர் உயரம். வங்கிக்குப் பெட்டி கொண்டுபோ, வீட்டுக்கு வந்ததும் பழுப்புக் காகிதப் பைக்கு மாற்று என்கிறது கடிதம். அது கச்சிதமாக நடக்கக்கூடியதே. “தூக்கவே முடியாத தொகை கேட்டார்கள்” என்று ஒரு இழையில் பார்த்தேன், தவறு.

நேரம்: நாளை காலை 8 முதல் 10க்குள் அழைப்பேன் என்கிறது. நள்ளிரவுக்கு முன் எழுதியிருந்தால் அது 26. பின் எழுதியிருந்தால், அல்லது படிக்கிறவரின் பார்வையில் எழுதியிருந்தால், 27. கடிதத்தை வைத்து மட்டும் இதைத் தீர்க்க முடியாது. நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் பார்த்து எழுதினாலே பதினெட்டரை நிமிடம். யோசித்து எழுதினால் கூடும். பார்த்து எழுதியதாகத் தெரியவில்லை: ‘டெலிவரி’ என்ற சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் போட்டிருக்கிறது, விட்டுப்போன ஒரு ‘நாட்’ மேலே செருகப்பட்டிருக்கிறது. போகிறபோக்கில் யோசித்த கை அது.

பிழைகள்: ‘பிசினஸ்’ என்ற சொல்லில் ஓர் ‘எஸ்’ கூடுதல், ‘பொசஷன்’ என்பதில் ஓர் ‘எஸ்’ குறைவு. இரண்டும் முதல் பத்தியிலேயே. அப்புறம் ‘அட்டாஷே’ மேல்குறியோடு சரியாக வருகிறது, கடினமான சொற்களும் சரியாக வருகின்றன. வேண்டுமென்றே தப்பாக எழுதத் தொடங்கிப் பாதியில் மறந்தது போலத்தான் படுகிறது. பதற்றத்தில் தொடங்கி நிதானமானது என்றும் படிக்கலாம், முதல் வாசிப்பே எனக்கு வலுவாகத் தெரிகிறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: தமிழாக்கத்தை வைத்து ஆராயாதீர்கள். கடிதத்தில் ‘வீ’யும் ‘ஐ’யும் மாறி மாறி வருகின்றன, தமிழில் அது ‘நாங்கள்’, ‘நான்’ என்று சரியாகவே வரும். ஆனால் ஆங்கில ‘யூ’ ஒன்றே ஒன்று. தந்தையை “மிஸ்டர் ராம்சி” என்று விளித்துத் தொடங்கிக் கடைசிப் பத்தியில் வெறும் “ஜான்” ஆகும் இடத்தில், தமிழாக்கங்கள் ‘நீங்கள்’ என்பதை ‘நீ’ என்று மாற்றிவிடுகின்றன. அந்த அவமரியாதையின் அளவு மொழிபெயர்த்தவர் சேர்த்தது. பிழையான எழுத்துக்கூட்டலும் தமிழில் காணாமல் போகிறது. ஆங்கில உரையை, வரி முறிவுகளோடு, அடித்தல் திருத்தலோடு வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும்.

உயிரோடிருக்கும் எவர் பெயரையும் இந்த இழையில் கொலையோடு இணைக்காதீர்கள். 2006 ஆகஸ்டில் ஒருவர் தாமே செய்ததாக ஒப்புக்கொண்டு உலகமே அவர் பின்னால் ஓடியது; டி.என்.ஏ. பொருந்தவில்லை. 2008இல் மாவட்ட வழக்கறிஞர் மேரி லேசி டி.என்.ஏ. முடிவை வைத்துக் குடும்பத்தினரைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துக் கடிதம் எழுதினார். 1999இல் பெற்றோர்மேல் குற்றம் சாட்ட கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்டலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) வாக்களித்ததும், அன்றைய மாவட்ட வழக்கறிஞர் கையெழுத்திட மறுத்ததும், அந்த ஆவணங்கள் 2013இல் வெளியானதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மைத்துளி

எல்லோருக்கும் நன்றி. எழுத்து ஒப்பீட்டை முழுக்க விட்டுவிட மனம் வரவில்லை. முறை சரியா என்றாவது சோதிக்க வழி உண்டா?

தாள்நோக்கி

உண்டு. செலவு மார்க்கரும் தாளும்தான்.

ஆறு பேரிடம் வழக்குக்குத் தொடர்பில்லாத, 370 சொல் நீளமுள்ள ஆங்கிலப் பத்தி ஒன்றைச் சொல்லி, அச்செழுத்தில் மார்க்கரால் மூன்று முறை எழுத வையுங்கள். பிறகு அவர்களில் ஒருவர், யார் என்று உங்களுக்குத் தெரியாமல், வேறொரு பத்தியைத் தன் எழுத்தை மறைத்து எழுதட்டும். இதை ஏற்பாடு செய்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். தாள்களுக்கு எண் மட்டும் போட்டு, மறைத்தெழுதியதை மூன்று முறை ஜெராக்ஸ் எடுத்து அந்த மூன்றாவது நகலை உங்களிடம் தரட்டும். நீங்கள் ராம்சி கடிதத்துக்குப் பயன்படுத்திய அதே முறையில் ஆளைச் சொல்லுங்கள். காரணத்தையும் விடை தெரியும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். அப்புறம் எழுதினால் மனம் தானாகத் திருத்திக்கொள்ளும்.

பத்து தடவை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் எழுதுபவரை ஏற்பாட்டாளர் பகடை போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே சராசரியாக ஒன்றோ இரண்டோ சரியாக வரும். ஐந்தோ அதற்கு மேலோ தற்செயலாக வர நூற்றில் ஒன்றரை வாய்ப்புதான். ஐந்துக்குக் கீழே வந்தால் அந்த முறையை ராம்சி கடிதத்தின் மேல் வைக்காதீர்கள். ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் பத்துத் தாள்களையும் ஸ்கேன் செய்து இங்கே போடுங்கள், எந்த எழுத்தை வைத்துச் சொன்னீர்கள் என்று சேர்ந்து பார்ப்போம்.